மதுரை என்று பேர், ஆடுவது நத்தத்தில்

சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன வாரம் போனில் மறுபடியும் ஆரம்பித்தான். "அக்கா, உங்க ஊர்ல ஜல்லிக்கட்டை விட்டா வேற என்ன இருக்கு? சேப்பாக்கம் இருக்கா, நேரு ஸ்டேடியம் இருக்கா?" போனில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டு ஆர்வம் இல்லாத ஊர் இல்லை இது. கோயில் திருவிழா சமயத்தில் மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ போய்ப் பார்க்கட்டும். "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி" என்று ஃப்ளெக்ஸ் வைத்திருப்பார்கள். முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், சுழற்கோப்பை வழங்குபவர் என்று வரிசையாகப் போட்டோக்கள் இருக்கும். ஊர் மந்தையில் கம்பு நட்டு ஃபோகஸ் லைட் கட்டி, விடிய விடிய நடக்கும். அரையிறுதி வரும்போது மணி மூன்றாகியிருக்கும். அப்போதும் மடியில் தூங்குகிற பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பார்க்கலாம். எனக்கு இருக்கிற ஒரே குறை, எங்கள் ஊர்ப் பேரை வைத்துக்கொண்ட அணிகள் எங்கள் ஊரில் ஆடுவதில்லை என்பதுதான்.

எங்கள் கிரிக்கெட் அணி மதுரை பாந்தர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் டி.என்.பி.எல். என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது மதுரை சூப்பர் ஜயன்ட் என்று இருந்தது, பிறகு சீகெம் மதுரை பாந்தர்ஸ் ஆனது. முதல் இரண்டு சீசன்கள் மோசம். அப்புறம் 2018 வந்தது. சேப்பாக்கத்தில் இறுதிப் போட்டி, எதிரணி பக்கத்து ஊர் திண்டுக்கல் டிராகன்ஸ். அவர்களை 117 ரன்னுக்குச் சுருட்டிவிட்டோம். சின்ன இலக்குதான், ஆனால் நாங்கள் ஆடத் தொடங்கியதுமே மூன்று விக்கெட்டுகள் போய்விட்டன. வீட்டில் டிவியை அணைக்கச் சொன்னார்கள், நான் விடவில்லை. அருண் கார்த்திக் நின்றார். ஷிஜித் சந்திரனைக் கூட வைத்துக்கொண்டு, கடைசி வரை ஆட்டமிழக்காமல் 75 எடுத்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். அந்த சீசனில் எங்களுக்காகப் பந்து போட்டவர்தான் வருண் சக்கரவர்த்தி. கட்டடக்கலை படித்துவிட்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பிய மனிதர். அதே ஆண்டு டிசம்பரில் ஐ.பி.எல். ஏலத்தில், 20 லட்சம் அடிப்படை விலையில் தொடங்கி 8.4 கோடிக்குப் போனார். இன்று இந்திய அணிக்கு ஆடுகிறார்.

எங்கள் ஊர்ச் சட்டை போட்டுக்கொண்டு அவர் வீசிய ஒரு பந்தைக்கூட எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. 2025 வரைக்கும் டி.என்.பி.எல். ஆட்டம் ஒன்றுகூட மதுரையில் நடந்ததில்லை. சென்னையில் நடந்திருக்கிறது, கோவையில் நடக்கிறது, சேலத்தில் நடக்கிறது, திருநெல்வேலி சங்கர் நகரில் நடக்கிறது. எங்களுக்குப் பக்கம் என்றால் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம்.

நத்தம் மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அது என்.பி.ஆர். கல்லூரியின் மைதானம். ஒரு கல்லூரி வளாகத்துக்குள் அப்படியொரு பச்சைப் புல்தரையைப் போட்டு, ரஞ்சி ஆட்டம் நடத்துகிற தரத்துக்குப் பராமரிக்கிறார்கள். சுற்றிலும் மலை. மதுரையிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். முன்பெல்லாம் நத்தம் ரோட்டில் ஊரைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விடும். 2023-இல் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பறக்கும் சாலை வந்தபிறகு பரவாயில்லை. டி.என்.பி.எல். நடக்கிற ஜூன், ஜூலையில்தான் அங்கே மாம்பழ சீசனும். ரோட்டோரம் கூடை கூடையாக வைத்து விற்பார்கள். ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் போகும்போது விலை கேட்டு வைத்துவிட்டுத் திரும்பும்போது வாங்குவார்கள். அதற்குள் நல்லதெல்லாம் போயிருக்கும், அதனால் நான் போகும்போதே வாங்கிவிடுவேன்.

2025 இறுதிப் போட்டி அங்கேதான் நடந்தது. ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல் டிராகன்ஸும் திருப்பூர் தமிழன்ஸும். எங்கள் அணி அதில் இல்லை. இருந்தாலும் நானும் தம்பியும் பைக்கில் போனோம். முந்தைய வெள்ளிக்கிழமைதான் இரண்டாவது தகுதிச் சுற்றில் திண்டுக்கல்லின் விமல் குமார் ஒரே ஓவரில் 34 ரன் அடித்து சேப்பாக் சூப்பர் கில்லீஸை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். திண்டுக்கல் முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற அணி, அஸ்வின் கேப்டன், சொந்த மைதானத்தில் இறுதிப் போட்டி. திண்டுக்கல், வத்தலகுண்டு, ஒட்டன்சத்திரம் என்று எங்கிருந்தெல்லாமோ வேன் பிடித்து வந்திருந்தார்கள்.

திருப்பூர் 220 அடித்தது. துஷார் ரஹேஜாவும் அமித் சாத்விக்கும் அடித்த அடியில் பந்து எங்கள் பக்கமே வந்து விழுந்துகொண்டிருந்தது. பதிலுக்கு திண்டுக்கல் 102-இல் முடிந்துவிட்டது. 118 ரன் வித்தியாசம். விக்கெட்டுகள் மளமளவென்று விழ விழ, கொஞ்சம் கொஞ்சமாக ஜனம் எழுந்து போகத் தொடங்கியது.

எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மடியில் பொரிகடலைப் பொட்டலம். ஆட்டம் தொடங்கியதிலிருந்தே ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் விரலை நீட்டி ஃபீல்டர்களை எண்ணிக்கொண்டிருந்தார். பாயின்ட், கவர், மிட் ஆஃப் என்று பேர் சொல்லி இல்லை. "அங்கன ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன், கயித்துக்கிட்ட ரெண்டு பேரு" என்று. எண்ணி முடித்ததும் "லெக்குல ஆள் இல்ல, அங்கதான் போடுவான் பாரு" என்பார். பல தடவை அவர் சொன்னபடிதான் நடந்தது. ஒன்பதாவது விக்கெட்டும் விழுந்தபிறகு அவர் எழுந்திருக்கவில்லை. நான் கேட்காமலே திரும்பிச் சொன்னார்: "விடு பாப்பா. நம்ம ஊருக்குள்ளதான தோத்தாங்க. கண்ணால பாத்துட்டோம்ல." பரிசளிப்பு முடிகிற வரைக்கும் இருந்து, திருப்பூர்ப் பையன்களுக்கும் கைதட்டிவிட்டுத்தான் போனார்.

நான் அவருக்காகச் சந்தோஷப்பட்டேன். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே என்று ஏங்கவும் செய்தேன். எங்கள் அணி ஜெயித்த கோப்பையை நான் டிவியில் பார்த்தேன். அவர் அணி தோற்றதை அவர் பத்தடி தூரத்தில் பார்த்தார். எது பெரிது என்று கேட்டால் அவருடையதுதான் என்பேன்.

இது கிரிக்கெட்டோடு நிற்கிற விஷயம் இல்லை. தமிழ் தலைவாஸ் 2017-இல் புரோ கபடிக்குள் வந்த அணி. அவர்கள் முதன்முதலாக அரையிறுதி வரை போனது 2022 சீசனில். கேப்டன் பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேற, நரேந்தர் என்ற இளைஞன் அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்த சீசன் முழுக்க பெங்களூரு, புனே, ஹைதராபாத், கடைசிச் சுற்று மும்பை. தமிழ்நாட்டில் ஓர் ஆட்டமும் இல்லை. மந்தையில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்களில் ஒருவராவது அந்த அணியை நேரில் பார்க்க வழி இருந்ததா? கால்பந்தில் இன்னொரு விதம். சென்னை சிட்டி எஃப்.சி. என்ற அணி 2018-19-இல் ஐ-லீக் என்கிற தேசிய கால்பந்துத் தொடரை ஜெயித்தது. பேர் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கிய அன்று கோவைக்காரர்கள் அதைத் தங்கள் அணியாகத்தான் கொண்டாடினார்கள். ஊர் அணி என்பது எந்த ஊரில் ஆடுகிறதோ அந்த ஊருக்குச் சொந்தம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்த அணி 2020-21-க்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

சரி, கல்லூரி அணிகளுக்கு வருகிறேன். என் மனசு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

நான் கல்லூரியில் வாலிபால் ஆடியவள். அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர். மதுரையில் கல்லூரி என்றால் வெறும் படிப்பு இல்லை. அமெரிக்கன் கல்லூரி 1881-இலிருந்து இருக்கிறது, மதுரைக் கல்லூரி 1889-இலிருந்து. பிறகு வந்தவை தியாகராசர், லேடி டோக், பாத்திமா, யாதவர். ஒவ்வொன்றுக்கும் தனி மைதானம், தனிச் சட்டை நிறம், தனிக் கூச்சல். காமராசர் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையே போட்டி நடக்கும்போது, ஆடுகிறவர்களைவிட வரப்பில் நிற்கிறவர்களுக்குத்தான் தொண்டை போகும். இப்போதும் நான் வேலை பார்க்கிற பள்ளி முடிந்ததும், எங்காவது மகளிர் வாலிபால் நடக்கிறது என்று கேள்விப்பட்டால் ஸ்கூட்டியைத் திருப்பிவிடுவேன்.

சில மாதங்களுக்கு முன்னால் அப்படிப் பார்த்த ஓர் இறுதி ஆட்டம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மண் தரை. காலையிலேயே தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பாதிக் கோடு காலில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. லைன் அம்பயராக நின்ற ஜூனியர் மாணவி கொடியைத் தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் குனிந்து தரையைப் பார்த்தாள். நான்காவது செட், 23-24. பின்தங்கியிருந்த அணியின் சர்வீஸ். சர்வ் போட வந்த பெண்ணுக்கு மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து வெள்ளை டேப் சுற்றியிருந்தது. அடிக்கிற கையே அதுதான். பந்தை இரண்டு தடவை தரையில் தட்டினாள், டேப்பின் நுனி பிரிந்து தொங்கியது, பல்லால் கடித்து இழுத்து ஒட்டினாள். ஜம்ப் சர்வ் போடுவாள் என்று எதிரணி பின்னால் போய் நின்றது. அவள் நின்ற இடத்திலிருந்தே ஒரு ஃப்ளோட்டர் போட்டாள். பந்து வலையைத் தாண்டியதும் ஆடி ஆடி, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் விழுந்தது. மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 24-24. அந்த அணி அந்த செட்டையும் எடுத்து, ஐந்தாவது செட்டையும் எடுத்தது.

பார்த்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், பி.டி. மேடம்கள், கேன்டீன் அண்ணன், சுவருக்கு வெளியே ஆட்டோவை நிறுத்தி ஏறிப் பார்த்த இரண்டு மூன்று பேர். மறுநாள் பேப்பரில் எங்கேயும் ஒரு வரி இல்லை. இந்த மாதிரி ஆட்டத்துக்கு ஐந்நூறு பேர் வரவேண்டும் என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் எதையெல்லாம் தாண்டி மைதானத்துக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் வருவீர்கள். வகுப்புக்கு வராமல் ஆடப் போக அனுமதி தருகிற ஓ.டி. படிவத்தில் ஒவ்வொரு துறையாக நடந்து கையெழுத்து வாங்க வேண்டும். வருகைப் பதிவு குறைந்தால் தேர்வுக்கு ஆபத்து. நான் படித்த காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடப் போனதால் ஓர் உள்தேர்வைத் தவறவிட்டேன், மறுதேர்வு கேட்டதற்கு "விளையாட வந்தியா, படிக்க வந்தியா?" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்றைக்கும் பல பிள்ளைகளிடம் கேட்கப்படுகிறது. இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. என்னிடம் வகுப்பில் படிக்கிற பெண்ணின் அம்மா, மகளை வாலிபாலில் விடலாமா என்று கேட்டபோது இதைத்தான் எடுத்துச் சொன்னேன். விட்டார்கள்.

கல்லூரியும் தொழில்முறை அணியும் ஒன்றாகவே இருக்கிற ஓர் அதிசயமும் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. சேது எஃப்.சி. தூத்துக்குடி ரோட்டில் காரியாபட்டிப் பக்கம் போனால் புல்லூரில் சேது தொழில்நுட்பக் கல்லூரி வரும். விருதுநகர் மாவட்டம்தான், ஆனாலும் எங்களுக்கு மதுரை மாதிரியே. அந்தக் கல்லூரியின் நிழலில் வளர்ந்த பெண்கள் கால்பந்து அணி, 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்தார்கள். மணிப்பூர்ப் பெண்களைக் கால்பந்தில் ஜெயிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அந்த அணியில் ஆடினார். பிறகு அவர் பிரான்ஸ் வரைக்கும் போய் ஆடியவர். கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன் நடுக்களத்தில் இருந்தார். காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டே இந்தியாவுக்கும் ஆடியவர். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு தேசிய சாம்பியன் ஆனபோதும் அவர் இருந்தார். 2022-இல் சேது மறுபடி கோப்பைக்கு அருகில் போய், கடைசி நாள் ஆட்டத்தில் கோகுலம் கேரளாவிடம் 3-1 என்று தோற்று இரண்டாமிடம் வந்தது.

2019 இறுதி ஆட்டம் நடந்த இடம் லூதியானா. மதுரையில் அன்றைக்கு ஒரு பட்டாசும் வெடித்த மாதிரி எனக்கு நினைவில்லை. இந்தியாவின் சாம்பியன் அணி எங்களுக்கு அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்று என் பள்ளி ஆசிரியர் அறையில் சொன்னபோது, கிரிக்கெட் ஸ்கோர் ஒன்றுவிடாமல் சொல்கிற ஆட்கள்கூட "அப்படியா!" என்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பார்க்கக் கிடைக்காததை எப்படிக் கொண்டாடுவார்கள்?

பார்க்கக் கிடைத்தால் இந்த ஊர் என்ன செய்யும் என்பதற்கு 2025 டிசம்பர் பதில் சொன்னது. ஜூனியர் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பையை சென்னையிலும் மதுரையிலுமாகப் பிரித்து நடத்தினார்கள். ரேஸ் கோர்ஸில் புதிதாக நீலப் புல்விரிப்பு போட்ட ஹாக்கி மைதானம். டிசம்பர் 2 அன்று இந்தியா ஸ்விட்சர்லாந்தோடு ஆடியது மதுரையில். நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைப் பெற்றோர் சம்மதத்தோடு கூட்டிப்போனேன். ஹாக்கி மட்டையைக் கையால்கூடத் தொட்டதில்லை அவர்கள். முதல் கோலுக்கு எழுந்து நிற்கவா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார்கள். ஐந்தாவது கோலுக்கு என்னைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. 5-0. கடைசியில் அர்ஜென்டினாவை வென்று இந்தியா வெண்கலம் வாங்கிய அன்று அந்தப் பிள்ளைகள் வகுப்பில் வேறு எதையும் பேசவில்லை. இரண்டு பேர் இப்போது எங்கே ஹாக்கி கற்றுத் தருவார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2025 அக்டோபரில் தோனி வந்து திறந்துவைத்த வேலம்மாள் கிரிக்கெட் மைதானம் வேறு சிந்தாமணியில் தயாராக நிற்கிறது. அதுவும் ஒரு கல்வி நிறுவனம் கட்டியதுதான். நத்தமாகட்டும், புல்லூராகட்டும், சிந்தாமணியாகட்டும், தென்மாவட்டங்களில் கல்லூரி வளாகங்கள்தான் விளையாட்டுக்கு இடம் கொடுக்கின்றன. ஆகவே டி.என்.பி.எல். நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் சின்னது. மதுரை பாந்தர்ஸின் ஆட்டங்களில் இரண்டையாவது மதுரையில் வையுங்கள். அந்த நாட்களில் பகலில் எங்கள் கல்லூரி அணிகள் இரண்டுக்கு அதே மைதானத்தில் ஓர் ஆட்டம் கொடுங்கள். பெண்கள் அணியாக இருந்தால் இன்னும் நல்லது. ஐ.டி. கார்டு காட்டுகிற மாணவர்களைக் காசு வாங்காமல் உள்ளே விடுங்கள். கேலரி நிரம்புகிறதா இல்லையா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சித்தப்பா மகனுக்கும் சொல்லிவிட்டேன், ஜூனில் லீவு போட்டு வரச்சொல்லி. மதுரையில் ஆட்டம் கிடைத்தால் மதுரை, இல்லையென்றால் வழக்கம்போல நத்தம். இதைப் படிக்கிற மதுரைக்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரிகளில் இப்போது போட்டிகள் நடந்துகொண்டிருக்கின்றன. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் எந்தக் கல்லூரி கேட்டிலாவது போய் வாட்ச்மேனிடம் "மேட்ச் பார்க்க வந்தோம்" என்று சொல்லுங்கள். நான் கேட்ட இடங்களில் எல்லாம் விட்டிருக்கிறார்கள்.